செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கவும்

பிப்ரவரி 3

அன்புள்ள தம்பிக்கு,

உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும், பிரிக்கலாமா வேண்டாமா என்று நீ ஒரு நிமிடமாவது யோசித்திருப்பாய். பிரித்ததற்கு நன்றி. எட்டு மாதத்துக்கு முன் தொலைபேசியில் விட்ட சண்டையை இங்கே தொடரப் போவதில்லை. தொலைபேசியில் நீ குறுக்கே பேசுவாய், நான் குரலை உயர்த்துவேன். முப்பத்திரண்டு வருடம் வகுப்பில் கத்திய தொண்டை இது, சொன்னால் இறங்காது. காகிதத்தில் ஒருவர் முடித்த பிறகுதான் இன்னொருவர் ஆரம்பிக்க முடியும். அதனால்தான் தபால்.

போன வியாழக்கிழமை எங்கள் கைத்தடிப் பட்டறைக்கு ஒரு அம்மா வந்தார். தபால் நிலையத்தில் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரிக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பாதத்தில் ஏதோ கோளாறு என்று தடித்த அடி வைத்த ஷூ போட்டிருந்தார். கையில் புதுக் கைத்தடி. உன் அத்தான் கடைசல் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கையைத் துடைப்பதற்குள் கேட்டுவிட்டார்: "இதைக் கொஞ்சம் நீளமாக்கித் தர முடியுமாங்க?"

அத்தான் தடியை வாங்கித் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். "குட்டையாக்கத்தான் முடியும்மா. நீளமாக்க முடியாது. யாரு வெட்டினது?"

"என் மகன்தான். ரொம்பக் கவனமான பையன். நெட்ல போட்டிருந்த மாதிரியே ரெண்டு தடவை அளந்துட்டுத்தான் வெட்டினான். ஆனா இடுப்பு வலி உயிர் போகுது. போன வாரம் படியில இறங்கறப்போ ஊன்றப் போறேன், தடி தரைக்கே எட்டலை. பக்கத்துல கைப்பிடிச் சுவர் இருந்ததால இன்னைக்கு உங்ககூடப் பேசிட்டிருக்கேன்."

சொல்லிவிட்டுப் பையிலிருந்து அச்செடுத்த தாள் ஒன்றை எடுத்து நீட்டினார். தேடுபொறியில் முதலில் வரும்படி நீ பக்கங்கள் செய்துகொடுக்கும் அந்தப் பெரிய ஆன்லைன் கடையின் பக்கம். மகன் ஒரு வாக்கியத்துக்கு மஞ்சள் மை பூசியிருந்தான்.

"செருப்பைக் கழற்றிவிட்டு நிமிர்ந்து நில்லுங்கள், கையைத் தொங்கவிடுங்கள், மணிக்கட்டு மடிப்பிலிருந்து தரைவரை உள்ள தூரமே உங்கள் கைத்தடியின் உயரம்."

அது என் வாக்கியம். எங்கள் பட்டறையின் வெப்சைட்டிலிருந்து நீ கேட்காமல் எடுத்தாய் என்று அன்று சண்டை போட்டேனே, அதே பக்கத்தின் முதல் வாக்கியம். மறுபடியும் கோபம் வரப் போகிறது என்றுதான் நினைத்தேன். ஆனால் அத்தான் என் தோளுக்கு மேலாக எட்டிப் படித்துவிட்டு, "செருப்போடதானே அளப்போம்? நடக்கறப்போ எதைப் போடறாங்களோ அதோட. எந்தப் புத்திசாலி இப்படி எழுதினது?" என்றார்.

"நான்தான்" என்றேன்.

மூன்று வருடமாக வெப்சைட்டில் இருக்கும் பக்கத்தை அவர் ஒருமுறைகூடப் படித்ததில்லை. எழுத்து என் வேலை, மரம் அவர் வேலை என்று பிரித்துக்கொண்டோம். நான் எப்படி எழுதினேன் தெரியுமா? ஒவ்வொரு வருடமும் பள்ளி திறந்ததும் பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்து உயரம் அளந்து பதிவேட்டில் எழுதுவேன். முதல் கட்டளையே "செருப்பைக் கழற்று." 'அளப்பது' என்ற சொல்லை எழுதியதும் விரல் தானாக அதையும் எழுதிவிட்டது.

என் பக்கத்தை அன்றே திருத்திவிட்டேன். ஆனால் 'கைத்தடி உயரம் அளப்பது எப்படி' என்று தேடிப் பார்த்தால் முதலில் வருவது உன் பக்கம். இரண்டாவதும் உன் பக்கம். எல்லாவற்றுக்கும் மேலே தேடுபொறி தானே ஒரு பதிலைத் தொகுத்து எழுதுகிறதே, அதிலும் செருப்பைக் கழற்றச் சொல்கிறது. திருத்திய என் பக்கம் மூன்றாம் திரையில் எங்கோ கிடக்கிறது.

நீ என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டாம். அந்த வாக்கியத்தை மட்டும் மாற்று. தடியை ஒருமுறை வெட்டினால் வெட்டினதுதான்.

அக்கா


பிப்ரவரி 11

அக்கா,

கடிதம் கிடைத்தது. தெளிவாக இருக்கட்டும் என்று தட்டச்சு செய்து அனுப்புகிறேன்.

பிரச்சினை எவ்வளவு பெரியது?

கைத்தடி பற்றி அந்தக் கடைக்கு நாற்பத்தொரு பக்கங்கள் செய்திருக்கிறோம். மக்கள் ஒரே கேள்வியைப் பல விதமாகக் கேட்பார்கள். 'முதியோருக்குக் கைத்தடி உயரம்', 'மூட்டுவலிக்கு எந்தக் கைத்தடி', 'உயரமானவர்களுக்குக் கைத்தடி' என்று ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு பக்கம். அளக்கும் முறை எல்லாவற்றிலும் உண்டு. ஆகவே அந்த வாக்கியம் நாற்பத்தொரு இடத்தில் இருக்கிறது.

மாற்றினால் உடனே சரியாகிவிடுமா?

ஆகாது. பக்கத்தில் இன்று மாற்றினாலும் தேடுபொறி மறுபடி வந்து படிக்க வேண்டும். சில பக்கங்களுக்கு நாள்கணக்கு, சிலவற்றுக்கு வாரக்கணக்கு. தவிர, முதலிடத்தில் இருப்பதைப் பார்த்து மற்றவர்களும் எழுதுவார்கள். நான் எண்ணிப் பார்த்ததில் வேறு பதினேழு தளங்களில் ஏறக்குறைய அதே வாக்கியம் இருக்கிறது. மேலே வரும் தொகுப்புப் பதில் எங்கள் பக்கத்தை மட்டும் பார்த்து எழுதப்படுவதில்லை. பத்துப் பேர் ஒன்றைச் சொன்னால் அதையே அதுவும் சொல்லும்.

உள்ளடக்கத்தின் மூலம்

பல மூலங்களிலிருந்து தொகுக்கப்பட்டது.

அடுத்த கட்டம்

நாற்பத்தொரு பக்கங்களிலும் வாக்கியத்தை மாற்றும் வேலை ஆரம்பித்தாயிற்று. கடையின் மேலாளர் ஒவ்வொரு மாற்றத்தையும் பார்த்து ஒப்புதல் தர வேண்டும் என்பதால் பத்து நாள் ஆகும். எனக்கும் இப்போது ஒரேயடியாக உட்கார்ந்து வேலை செய்ய முடிவதில்லை.

தம்பி


பிப்ரவரி 19

அன்புள்ள அவசரத்துக்கு,

சின்ன வயதில் உனக்கு வீட்டில் வைத்த பெயர் இன்னும் பொருத்தமாகத்தான் இருக்கிறது. அக்காவுக்குக் கடிதம் எழுதச் சொன்னால் துணைத்தலைப்புப் போட்டு அறிக்கை அனுப்பியிருக்கிறாய். உன் அத்தானிடம் படித்துக் காட்டினேன். "கீழே 'இது உங்களுக்குப் பயனுள்ளதாக இருந்ததா, ஆம், இல்லை'ன்னு போடலியா?" என்றார். அடுத்த கடிதம் கையால் எழுது. கோணல்மாணலாக இருந்தாலும் பரவாயில்லை.

'பல மூலங்களிலிருந்து தொகுக்கப்பட்டது' என்ற வரியை மூன்று முறை படித்தேன். உனக்கு ஒன்று சொல்கிறேன். விடைத்தாள் திருத்தும்போது இரண்டு பிள்ளைகள் ஒரே மாதிரி சரியாக எழுதியிருந்தால் நாங்கள் சந்தேகப்பட மாட்டோம். சரியான விடை எல்லோருக்கும் பொது. ஒரே இடத்தில் ஒரே மாதிரி தவறு செய்திருந்தால்தான் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். கைத்தடியைச் செருப்பில்லாமல் அளக்கச் சொல்லும் ஆள் உலகத்தில் நான் ஒருத்திதான் இருந்திருப்பேன். மரவேலை தெரிந்த எவரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். பள்ளிக்கூடத்தில் உயரம் அளந்தே பழகிய ஒருத்தி கைத்தடி விற்கப் போனால்தான் அப்படி ஒரு தவறு நடக்கும். அது உன் பக்கத்துக்கு வேறு எந்த மூலத்திலிருந்து வந்திருக்கும், நீயே சொல்.

இதை உன்னைக் குத்துவதற்காக எழுதவில்லை. தவறு என்னுடையது. நம் வீட்டு வாசலில் 'காலணிகளை இங்கே விடவும்' என்று பலகை எழுதி மாட்டியவளும் நான்தான். தபால்காரர்கூட அதைப் பார்த்துப் படியிலேயே நின்றுவிடுவார். அப்படிப்பட்டவள் எழுதியது அது. ஆனால் என் மூலையில் கிடந்திருந்தால் மாதம் முப்பது பேர் படித்திருப்பார்கள். அவர்களிலும் பாதிப் பேர் நேரே பட்டறைக்கு வந்து அத்தானிடம் அளவு கொடுத்திருப்பார்கள். நீ அதை மைக் வைத்துச் சொல்லிவிட்டாய்.

எத்தனை பேர் அதைப் படித்தார்கள் என்று உனக்குத் தெரியும் அல்லவா? உன் தொழிலில் அதுகூடத் தெரியும் என்று நீயே சொல்லியிருக்கிறாய். எண்ணை எழுது. அழகாக மாற்றி எழுத வேண்டாம்.

தபால்கார அம்மா நேற்று மறுபடி வந்தார். அத்தான் அவரை ஷூவோடு நிற்கவைத்து அளந்து புதுத் தடி வெட்டிக் கொடுத்தார். ரப்பர் முனை மாட்டி, பட்டறைக்குள் நாலு நடை நடக்கச் சொல்லிப் பார்த்தார். "இப்பத்தான் என் கை எனக்குத் திரும்பி வந்த மாதிரி இருக்கு" என்றார் அந்த அம்மா. நேரே வந்தவருக்கு இதைச் செய்ய முடிந்தது. வராதவர்களை நான் எங்கே போய்த் தேடுவேன்?

அக்கா


மார்ச் 2

அக்கா,

கையால்தான் எழுதுகிறேன். கடைசியாக எப்போது இவ்வளவு நீளமாகக் கையால் எழுதினேன் என்று நினைவில்லை. நடுவில் மூன்று முறை எழுந்து நடந்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். அதனால் எழுத்து மூன்று விதமாக இருக்கும்.

எடுத்தேன். உன் பக்கத்திலிருந்துதான்.

ஒன்றரை வருடம் முன்பு கடை எங்களிடம் கைத்தடி பற்றிய பக்கங்கள் கேட்டது. எங்கள் அலுவலகத்தின் பாதி வேலை அந்தக் கடையிலிருந்துதான் வருகிறது. தேடினால் கிடைத்தவை எல்லாம் வளவளவென்று இருந்தன. 'இன்றைய நவீன உலகில் கைத்தடியின் முக்கியத்துவம்' என்று ஆரம்பித்து, அளவு எப்படி எடுப்பது என்று சொல்ல ஆயிரம் வார்த்தை. உன் பக்கத்தில் முதல் வரியிலேயே விடை இருந்தது. நில், கையைத் தொங்கவிடு, இங்கிருந்து இங்குவரை அள. தேடுபொறிக்கு அப்படிப்பட்ட வாக்கியம்தான் வேண்டும். கேள்வி ஒன்று, அதற்கடியிலேயே விடை ஒன்று. எங்களிடம் எழுதும் ஆறு பேரில் ஒருவருக்குக்கூட அப்படி வராது. அதைச் சுற்றித்தான் மற்றதை எழுதினோம். மாற்றி எழுதிப் பார்த்தேன் அக்கா. மாற்ற மாற்றக் கெட்டுப்போனது. அப்படியே விட்டுவிட்டேன்.

அன்று தொலைபேசியில் "எல்லாரும் செய்றதுதான், இது தொழில்"னு சொன்னேனே, அது எனக்கே சரியாகப் படவில்லை. அதனால்தான் கத்தினேன்.

எண் கேட்டாய். நாற்பத்தொரு பக்கங்களையும் சேர்த்து ஒன்றரை வருடத்தில் ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் முறை திறந்திருக்கிறார்கள். எல்லோரும் தடி வெட்டவில்லை. பலர் மடக்குத் தடி வாங்குபவர்கள்; அதைக் கூட்டிக் குறைக்கலாம். மேலே தொகுப்புப் பதிலை மட்டும் படித்துவிட்டு எந்தப் பக்கத்துக்கும் வராமல் போனவர்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது. இப்போதெல்லாம் பாதிப் பேர் அப்படித்தான் போகிறார்கள். எங்கள் தொழிலில் எல்லோரும் அதைச் சொல்லித்தான் புலம்புகிறோம்.

நாற்பத்தொரு பக்கங்களிலும் வாக்கியத்தை மாற்றியாயிற்று. இன்னொன்றும் செய்திருக்கிறேன். ஒரு பக்கத்தின் தலைப்பகுதியில், படிப்பவர் கண்ணுக்குத் தெரியாமல், தேடுபொறிக்கு மட்டும் ஒரு வரி எழுதி வைக்கலாம். 'இந்த விஷயத்தின் மூலப் பக்கம் அங்கே இருக்கிறது, அதையே முதலாக எடுத்துக்கொள்' என்று அதற்குப் பொருள். பிரதான பக்கத்தில் உன் பட்டறையின் முகவரியை அந்த வரியில் போட்டுவிட்டேன். அது கட்டளை இல்லை, சிபாரிசுதான். தேடுபொறி கேட்டால் கொஞ்ச நாளில் எங்கள் இடத்துக்கு உன் பக்கம் வரும். கடையில் சொல்லவில்லை. சொன்னால் விட மாட்டார்கள். நீயும் யாரிடமும் சொல்லாதே.

தம்பி


மார்ச் 14

அன்புள்ள தம்பிக்கு,

மூன்று விதக் கையெழுத்தும் படிக்க முடிந்தது. 'மாற்ற மாற்றக் கெட்டுப்போனது' என்ற வரியை அத்தானிடம் காட்டவில்லை. எனக்கு மட்டும் வைத்துக்கொண்டேன்.

ஆனால் அந்தக் கண்ணுக்குத் தெரியாத வரி பற்றி இரண்டு நாள் யோசித்தேன். எனக்கு அது பிடிக்கவில்லை. என் பக்கத்திலிருந்து என்னைக் கேட்காமல் எடுத்தாய். இப்போது கடையின் பக்கத்திலிருந்து கடையைக் கேட்காமல் எனக்குக் கொடுக்கிறாய். வகுப்பில் ஒருவன் பென்சிலை எடுத்து இன்னொருவனுக்குக் கொடுத்தால் அவனை நல்லவன் என்று நான் சொன்னதில்லை. அவர்களிடம் சொல். வேண்டாம் என்றால் எடுத்துவிடு.

இன்னொன்று. அந்த வரி யாருக்கு எழுதியது? இயந்திரத்துக்கு. 'நான் எடுத்தேன், மூலம் அங்கே' என்று இயந்திரத்தின் காதில் ரகசியமாகச் சொல்லியிருக்கிறாய். ஏற்கெனவே படித்துவிட்டு ரம்பத்தை எடுத்தவர்களுக்கு அது எப்படித் தெரியும்? வாக்கியத்தைச் சத்தமில்லாமல் மாற்றினால் இனிமேல் வருபவர்கள் தப்பிப்பார்கள். முன்பு வந்தவர்கள், தடி குட்டையாக இருப்பது தெரியாமல் முதுகுதான் கோளாறு என்று நினைத்துக்கொண்டு நடப்பார்கள். கரும்பலகையில் தப்பாக எழுதிவிட்டால் நான் அழித்துவிட்டு மேலே போனதில்லை. "இதை எழுதிக்கிட்டவங்க நோட்டைத் திறங்க" என்பேன். உன் பக்கத்தின் மேலேயே, பெரிய எழுத்தில், இங்கே முன்பு தவறாக இருந்தது என்று போடு. என் பக்கத்தில் நான் போட்டிருக்கிறேன், போய்ப் பார்.

தினமும் காலையில் தேடிப் பார்க்கிறேன். தொகுப்புப் பதில் இன்னும் செருப்பைக் கழற்றத்தான் சொல்கிறது. "அதுகிட்ட என்ன சண்டை? காதே இல்லாத ஜன்மம்" என்கிறார் அத்தான்.

இப்போது நான் கேட்க வந்த விஷயம். உன் பக்கங்களை ஒவ்வொன்றாகத் திறந்து திருத்தியிருக்கிறதா என்று சரிபார்த்தேன். ஆசிரியை புத்தி. இருபத்தாறாவது பக்கத்தில் ஒரு புகைப்படம் இருக்கிறது. அலுவலக நடைபாதை போல ஒரு இடம். ஒரு ஆளின் தோளிலிருந்து ஷூ வரை தெரிகிறது, முகம் இல்லை. வலது கை கைத்தடியைப் பிடித்திருக்கிறது. மணிக்கட்டுக்கு மேலே பிறை மாதிரி ஒரு தழும்பு. நீ ஆறாவது படிக்கும்போது அலமாரிக் கண்ணாடி உடைந்து கையைக் கிழித்ததும், என் தாவணியைச் சுற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அந்தத் தழும்பு எனக்குத் தெரியாதா?

படத்தை அத்தானிடம் காட்டினேன். தழும்பைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். "இந்த ஆளோட முழங்கை நேரா விறைச்சு நிக்குது பாரு. தோள் ஒரு பக்கமா இறங்கியிருக்கு. ஷூ அடி மூணு சென்டிமீட்டர் இருக்கும், தடியும் அவ்வளவு குட்டை. யாரோ பாவம்" என்றார்.

அந்தக் கை படத்துக்காகத் தடியைப் பிடித்ததா, இல்லை உண்மையிலேயே ஊன்றிக்கொண்டு நிற்கிறதா? நேராகப் பதில் எழுது.

அக்கா


மார்ச் 27

அக்கா,

உண்மையிலேயே ஊன்றிக்கொண்டுதான்.

போன செப்டம்பரில் அலுவலக மாடிப்படியில் கால் பிசகி முழங்கால் திரும்பிவிட்டது. அறுவை சிகிச்சை முடிந்து நடக்க ஆரம்பித்ததும், கொஞ்ச மாதத்துக்குத் தடி வேண்டும் என்றார்கள். அத்தானிடம் கேட்டிருக்கலாம். நாம் அப்போது பேசிக்கொள்வதில்லை. கடையிலிருந்தே நீள மரத்தடி ஒன்றை வரவழைத்து நானே வெட்டினேன். எப்படி அளந்தேன் என்று கேட்கிறாயா? என் நாற்பத்தொரு பக்கங்களில் ஒன்றையும் திறக்கவில்லை. உன் பக்கத்தைத் திறந்தேன். ஆறு பேர் எழுதி நான் திருத்திய எழுத்தைவிட அதை நம்பினேன். செருப்பைக் கழற்றினேன், நிமிர்ந்து நின்றேன். என் மனைவி பிடித்துக்கொண்டாள், நான் அளந்தேன். ரெண்டு தடவை.

நவம்பரில், கேட்டதைத் திருப்பிச் சொல்லும் பக்கங்களைவிடச் சொந்த அனுபவமும் சொந்தப் படமும் உள்ள பக்கங்களைத் தேடுபொறிகள் மேலே தூக்குகின்றன என்று எங்கள் தொழிலில் பேச்சு கிளம்பியது. கடை நிஜப் படம் கேட்டது. நான்தான் நிஜமாகத் தடியோடு இருக்கிறேனே என்று நின்றேன். இடுப்பு வலிக்கு டாக்டரிடம் மூன்று முறை போய்விட்டேன். நாற்காலியைக்கூட மாற்றினேன். தடியைப் பற்றி ஒரு நாளும் நினைக்கவில்லை. உன் முதல் கடிதம் வந்த அன்று தெரிந்துகொண்டேன், ஆனாலும் இன்னும் அதே தடியோடுதான் நடக்கிறேன். உனக்கு எழுத மனம் வரவில்லை. எழுதினால் நீ இன்னும் கஷ்டப்படுவாய்.

நீ சொன்னபடி போன வாரம் கடை மேலாளரிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன், அந்தக் கண்ணுக்குத் தெரியாத வரியையும் சேர்த்து. அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"தப்பை நாமளே மேல எழுதி ஒட்டணுமா? மாத்தியாச்சுல்ல, சத்தமில்லாம விட்டுடுங்க சார். போட்டிக் கடைக்காரன் படம் புடிச்சுப் போடுவான்."

நான் வாதாடவில்லை. என் தடியை நீட்டினேன். அவர் ஏறக்குறைய என் உயரம், கனமான ஷூவும் போட்டிருந்தார். "இதை ஊன்றிக்கிட்டு அந்தத் தண்ணி மெஷின் வரைக்கும் போயிட்டு வாங்க சார்" என்றேன். சிரித்துக்கொண்டே கிளம்பினார். ஆறு அடியில் சிரிப்பு நின்றது. திரும்பி வரும்போது இடது கை இடுப்பைப் பிடித்திருந்தது.

"எத்தனை மாசமா இதை வெச்சு நடக்கறீங்க?"

"ஆறு மாசம்."

"உங்களுக்குப் பைத்தியமா?"

"உங்க பக்கத்துல அப்படித்தான் போட்டிருந்தது சார்."

தடியை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, "போட்டுடுங்க. ஆனா சுருக்கமா" என்றார். கடையின் வேலை எங்கள் கையை விட்டுப் போகவில்லை. ஆனால் இனிமேல் எதை எங்கிருந்து எடுத்தோம் என்று ஒவ்வொரு பக்கத்துக்கும் எழுதிக்கொடுக்க வேண்டுமாம். ஆறு பேரும் என்னைத்தான் முறைக்கிறார்கள்.

நாற்பத்தொரு பக்கங்களையும் ஒன்றாக்கிவிட்டேன். மற்ற நாற்பது முகவரியில் யார் போனாலும் இந்த ஒன்றுக்கே வந்து சேருவார்கள். மேலே இப்படி இருக்கிறது:

"இங்கே முன்பு 'செருப்பைக் கழற்றிவிட்டு' அளக்கச் சொல்லியிருந்தோம். அது தவறு. நடக்கும்போது போடும் காலணியோடு அளக்க வேண்டும். பழைய முறையில் அளந்து தடியை வெட்டியிருந்தால், அதை ஊன்றும்போது முதுகு வளைகிறதா என்று பாருங்கள். வளைந்தால் தடியை மாற்றுங்கள். அளக்கும் முறையை ஒரு கைத்தடிப் பட்டறையின் பக்கத்திலிருந்து கேட்காமல் எடுத்தோம். அவர்களே முதலில் திருத்தினார்கள்."

கீழே உன் பக்கத்தின் முகவரி, எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி. அந்த ரகசிய வரியும் இப்போது மேலாளருக்குத் தெரிந்தே இருக்கிறது. மற்றப் பதினேழு தளங்களுக்கும் தனித்தனியாக எழுதினேன். ஒன்பது பேர் மாற்றினார்கள். ஒருவர், தன் கட்டுரையைத் தானே ஆராய்ச்சி செய்து எழுதியதாகப் பதில் போட்டிருக்கிறார்.

படத்தை எடுக்கவில்லை. அதன் கீழே 'தவறாக வெட்டிய தடி' என்று எழுதினேன்.

தம்பி


ஏப்ரல் 12

அன்புள்ள அவசரத்துக்கு,

உன் கடிதத்தை அத்தானே உரக்கப் படித்தார். 'செருப்பைக் கழற்றினேன், நிமிர்ந்து நின்றேன்' என்ற இடத்தில் நிறுத்திவிட்டுப் பட்டறைக்குள் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் கடைசல் இயந்திரம் ஓடும் சத்தம் கேட்டது. எனக்கு அன்று முழுக்க எந்த வேலையும் ஓடவில்லை. உலகத்துக்கே தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று இரண்டு மாதமாகக் கவலைப்பட்டேன். அந்த உலகத்தில் உன் முழங்காலும் இருந்திருக்கிறது.

ஒரு நல்ல செய்தி. நேற்றுக் காலை தேடிப் பார்த்தேன். தொகுப்புப் பதில் மாறிவிட்டது. 'நடக்கும்போது அணியும் காலணியுடன் நிற்கவும்' என்று முதல் வரியிலேயே இருக்கிறது. அதற்கு அடுத்த வரியில் 'மாலையில் அளப்பது நல்லது' என்றும் இருக்கிறது. இதை யார் எழுதியது? நீயா? நான் சத்தியமாக இல்லை. அத்தானைக் கேட்டால், "காலு வேணா சாயங்காலம் வீங்கும், மரம் எதுக்கு வீங்கப்போகுது?" என்கிறார். கண்டுபிடித்து எழுது. இதற்கும் ஒருவர் பின்னாலேயே போக வேண்டும் போலிருக்கிறது.

என் பக்கம் இப்போது இரண்டாவதாக வருகிறது. உன்னுடையது இன்னும் முதலில். மேலே அந்தத் திருத்தக் குறிப்பு இருக்கும்வரை நீயே முதலில் இருந்துவிட்டுப் போ. நான் எழுதினால் முப்பது பேர்தான் படிப்பார்கள்.

தபால்கார அம்மாவின் மகன் தொலைபேசியில் பேசினார். உன் திருத்தக் குறிப்பைப் படித்தாராம். "நான் சரியாத்தாங்க அளந்தேன், அம்மாவைத் தவிர வீட்ல யாரும் நம்பவே மாட்டேங்கறாங்க. இப்ப ஆதாரம் கிடைச்சிடுச்சு" என்று அவ்வளவு சந்தோஷம்.

அத்தான் உனக்கு ஒரு தடி கடைந்து வைத்திருக்கிறார். கைப்பிடி உன் உள்ளங்கைக்குச் சரியாக இருக்கும் என்கிறார். அந்தப் படத்தை வைத்தே அளவு பிடித்திருக்கிறார். உயரத்தை மட்டும் வெட்டவில்லை. "தபால்ல அனுப்பிடலாமே, அவன் அளவு எழுதி அனுப்பினா வெட்டிடலாமே" என்றேன். "எழுதின அளவை வெச்சு வெட்டினது போதும். ஆளை வரச்சொல்லு" என்று சொல்லிவிட்டார். முழு நீளத்தில் பட்டறைச் சுவரில் சாய்ந்து நிற்கிறது.

அதனால் வா. உன் மனைவியையும் கூட்டிக்கொண்டு வா. தினமும் எந்த ஷூவைப் போட்டு நடக்கிறாயோ அதையே போட்டுக்கொண்டு வா. ஊருக்கு வருகிறோமே என்று புதிதாக வாங்கிக்கொண்டு வராதே. வாசல் பலகையைக் கழற்றிப் பரணில் வைத்துவிட்டேன். நான் பழக்கதோஷத்தில் ஏதாவது சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ளாதே. கழற்றாமல் நேரே உள்ளே வா.

அக்கா